யார் வீட்டு விதை?

'இதனால நமக்கு என்ன பிரயோஜனம்?'

நம் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் இதற்கு மூன்றாவது இடமாவது கொடுக்கலாம். முதல் இரண்டு, 'சாப்டாச்சா?'வும் 'சம்பளம் எவ்வளவு?'வும். சாப்பாட்டுக் கேள்விக்கு 'ஆச்சு' என்று சொல்லிவிடலாம். சம்பளக் கேள்விக்குக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லித் தப்பித்துவிடலாம். பிரயோஜனக் கேள்வி அப்படியில்லை. நேர்மையாகப் பதில் சொல்லியே தீருவது என்று உட்கார்ந்தால் ராத்தூக்கம் போய்விடும்.

இந்த வாரம் அந்தக் கேள்வியை, பதில் சொல்ல ரொம்பவே சிரமப்படக்கூடிய ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நாகலாபுரம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஆந்திராவில் அருவி பார்க்கப் போகிற ஊர் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அதை அல்ல. கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் பக்கம் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரம். இங்கே அருவி கிடையாது. கரிசல் காடு. வானத்தைப் பார்த்துப் பருத்தி, மிளகாய், மக்காச்சோளம், உளுந்து என்று விதைக்கிற மானாவாரி பூமி. கோடையில் நிலம் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ காலை வைத்தால் செருப்பு திரும்பி வராது.

அந்த ஊர்ப் பையன் ஒருவன் இயற்பியல் படித்து, டாக்டர் பட்டமும் வாங்கி, இப்போது பெங்களூரிலோ புனேயிலோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் 'போஸ்ட்-டாக்' ஆக இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். ஆனால், நடக்கவே நடக்காத கற்பனை இல்லை. கரிசல் காட்டுப் பிள்ளைகள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். பையன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். டீக்கடையில் பெரியப்பா பிடித்துக்கொள்கிறார்.

"எய்யா, படிப்பு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு பெரியப்பா. டாக்டர் பட்டம் வாங்கியாச்சு."

"பெறகு இப்ப என்ன வேல பாக்க?"

"இன்னும் ஆராய்ச்சிதான். ரெண்டு வருஷ ஒப்பந்தம். அணுக்களைக் குளிர வைக்கிறோம்."

"எதுக்கு?"

"பூமியோட ஈர்ப்பைத் துல்லியமா அளக்கலாம். பிற்காலத்துல செயற்கைக்கோள்ல வச்சு..."

"சரிய்யா. இதனால நமக்கு என்ன பிரயோஜனம்?"

பையன் டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறான்.

அவன் என்ன பதில் சொல்ல வேண்டும்? கேட்பதற்கு விஞ்ஞானக் கேள்வி மாதிரித் தெரியும். எனக்கு இது நியாய தர்மக் கேள்வியாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அவன் வேலை என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். வேலையைத் தெரிந்துகொள்ளாமல் தீர்ப்புச் சொல்வது நமக்குப் பழக்கம்தான் என்றாலும், இந்த ஒருமுறை வேண்டாம்.

வெப்பம் என்று நாம் சொல்வது அணுக்களின் ஓட்டம். இந்த நிமிடம் உங்கள் மூக்கைச் சுற்றியிருக்கும் காற்றுத் துகள்கள் வினாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. அந்த ஓட்டத்தைக் குறைத்தால் குளிர்ச்சி. குறைத்துக்கொண்டே போனால் மைனஸ் 273.15 டிகிரியில் கதை முடிந்துவிடும். அதற்குக் கீழே குளிர் என்பதே கிடையாது.

காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் கொஞ்சம் ருபீடியம் அணுக்களை விட்டு, ஆறு பக்கமிருந்தும் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். லேசர் என்றால் சுடும் என்றுதானே நினைப்போம்? இங்கே அது குளிர்விக்கிறது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த மாதிரி. அணு எந்தப் பக்கம் ஓடினாலும் எதிரே வருகிற ஒளி அதைத் தள்ளித் தள்ளி வேகத்தைக் குறைக்கிறது. அதற்கப்புறம் டீ ஆறுகிற கதை. டீயில் வேகமான துகள்கள் ஆவியாகப் போய்விட, மிச்சம் ஆறுகிறது. அதேபோல வேகமான அணுக்களை வெளியே தப்பவிட்டு, மிச்சத்தை இன்னும் குளிர வைக்கிறார்கள். கடைசியில் அந்த அடிமட்டக் குளிருக்கு மேலே ஒரு டிகிரியின் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான் பாக்கி இருக்கும்.

அந்த நிலையில் அணு, கோலிக்குண்டு மாதிரி நடந்துகொள்ளாமல் அலை மாதிரி நடந்துகொள்கிறது. அந்த அலையை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதைகளில் விழவிட்டு, மறுபடி ஒன்று சேர்த்தால், வழியில் பூமி எவ்வளவு இழுத்தது என்பது கணக்காகத் தெரிந்துவிடும். 1991-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் காஸெவிச், ஸ்டீவன் சூ என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள்.

பூமி எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானே இழுக்கும் என்கிறீர்களா? இல்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டுகூட, பெரிய மலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் மலைப் பக்கம் ஒரு துளி சாயும். உங்கள் காலடியில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் பரந்து கிடக்கிறது என்றால், அங்கே ஈர்ப்பு பத்துக் கோடியில் நாலு பங்கு அதிகம். 60 கிலோ மனிதர் அந்த இடத்தில் நின்றால் சுமார் இரண்டரை மில்லிகிராம் எடை கூடுவார். ஒரு அரிசியை எட்டாக உடைத்தால் அதில் ஒரு துண்டு! அந்தத் துண்டைக் கண்டுபிடிக்கிற தராசைத்தான் நம் பையன் செய்துகொண்டிருக்கிறான்.

இதை ஏன் விண்வெளிக்குக் கொண்டுபோக வேண்டும்? பூமியில் அந்த அணுக்கள் சட்டென்று கூட்டின் அடியில் விழுந்துவிடும். மேலே எடையில்லாமல் மிதந்தால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு துல்லியம். 2017 ஜனவரி 23-ந் தேதி ஸ்வீடனின் கிருனா பக்கத்திலிருந்து ஜெர்மன் விஞ்ஞானிகள் விட்ட ஒரு சிறிய ராக்கெட்டில், சுமார் ஆறு நிமிட நேரம் கிடைத்த எடையற்ற நிலையில், முதல்முறையாக விண்வெளியில் இந்த அணுக்கூட்டத்தை உண்டாக்கினார்கள். 2018 மே மாதம் நாஸா, சின்ன ஃப்ரிட்ஜ் அளவுக் கருவி ஒன்றை சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே அனுப்பி வைத்தது.

ஆக, பையன் சும்மா இல்லை. சரி, இப்போது பெரியப்பாவுக்கு என்ன பதில்?

அவன் வாய்க்கு முதலில் வரக்கூடிய பதில் இது: "பெரியப்பா, இந்தக் கருவி வந்துட்டா நம்ம காட்டுல எங்கன தண்ணி இருக்குன்னு வானத்துல இருந்தே சொல்லிரும்."

பெரியப்பா முகம் மலர்ந்துவிடும். இன்னொரு டீ சொல்வார். ஒரே ஒரு சிக்கல்தான். அது பொய்.

முழுப் பொய் இல்லை என்பதுதான் இதில் ஆபத்து. 2002 மார்ச்சில் நாஸாவும் ஜெர்மனியும் சேர்ந்து 'கிரேஸ்' என்று இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றின் பின்னால் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் போகும். கீழே ஈர்ப்பு கூடினால் முன்னால் போவது முதலில் இழுபடும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை மயிரிழையைவிடச் சின்ன அளவுக்கு அளந்து, பூமியின் எந்தப் பகுதியில் தண்ணீர் கூடுகிறது, குறைகிறது என்று கணக்குப் போட்டார்கள். 2009-ல் மேத்யூ ராடெல் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கு நம் நாட்டைப் பற்றியது. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லிப் பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காலியாகிவிட்டது என்றார்கள். நம் கணக்கில் சொன்னால் சுமார் நாற்பது மேட்டூர் அணை. ஆறே வருடத்தில்!

எனவே, வானத்திலிருந்து நிலத்தடி நீரை எடை போட முடியும். அது உண்மை. ஆனால் கிரேஸின் கண்ணுக்குப் பல நூறு கிலோமீட்டர் அகலப் பரப்புதான் தெரியும். குளிர்ந்த அணுக்களை வைத்து அடுத்து வரப்போகும் கருவிகள் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். 2025-ல் நாஸா அப்படியொரு சோதனைக் கருவியை இந்தப் பத்தாண்டின் முடிவு வாக்கில் அனுப்பத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னது. அதுவும் சோதனைதான். எவ்வளவு கூர்மையாக்கினாலும், அத்தனை உயரத்திலிருந்து பெரியப்பாவின் மூன்று ஏக்கரில் எந்த மூலையில் போர் போடலாம் என்று அது சொல்லப்போவதில்லை.

கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'இங்கன போடுங்க, நூறு அடியில தண்ணி' என்று அடித்துச் சொல்வார்கள். அவரை நம்பிக் கடன் வாங்கிக் குழி தோண்டி, உப்புத் தண்ணீரைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். கையில் தேங்காய்க்குப் பதில் லேசர் இருந்தால் மட்டும் அதே வாக்குறுதி நியாயமாகிவிடுமா?

பையனையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை தேடுகிறவன். பணம் கேட்டு எழுதுகிற ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சமூகத்துக்கு இதனால் என்ன நன்மை என்று எழுதச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். 'தெரியாது' என்று எழுதினால் பணம் வருமா? கொஞ்சம் கூட்டி எழுதுவான். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். கடைசியில் டீக்கடையிலும் அதே பாஷைதான் வாயில் வரும்.

இரண்டாவது பதில் இதற்கு நேர் எதிர். "அதெல்லாம் ஒங்களுக்குப் புரியாது பெரியப்பா." இது பொய்யைவிட மோசம். பொய் சொல்கிறவன் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதாகவாவது ஒப்புக்கொள்கிறான். இவன் அதையும் ஒப்புக்கொள்வதில்லை. போதாததற்கு, பெரியப்பாவுக்கு நிச்சயம் புரியும். மழை வருவதற்கு முன் எந்த வாரம் விதைக்கலாம் என்று மண்ணையும் காற்றையும் பார்த்து முடிவு செய்கிறவருக்கு, அரிசியில் எட்டில் ஒரு பங்கு புரியாமல் போகாது. புரிகிற மாதிரிச் சொல்லச் சோம்பலாக இருக்கிறது என்பதுதான் நிஜம்.

மூன்றாவது பதில் கணக்குப் பிள்ளையின் பதில். 2023 ஏப்ரல் 19-ந் தேதி மத்திய அமைச்சரவை 'தேசிய குவாண்டம் மிஷன்' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரை எட்டு வருடத்துக்கு 6,003.65 கோடி ரூபாய். அணுக்களை வைத்து அளக்கிற கருவிகளும் அணுக் கடிகாரங்களும் அதில் ஒரு பகுதி. மொத்தத்தையும் 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 43 ரூபாய். வருடத்துக்கு ஐந்து ரூபாய் சொச்சம். "உங்க பங்கு வருஷத்துக்கு அரை டீ பெரியப்பா, இதுக்குப் போயி..."

சாமர்த்தியமான பதில். ஆனால் யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒருவர் ஐந்து ரூபாயை எடுக்கிறார். கேட்டால், 'அஞ்சு ரூவாதானே சார்' என்கிறார். தொகை சின்னது என்பதால் கேட்கிற உரிமை சின்னதாகிவிடுமா? தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் பெரியப்பா வரி கட்டுகிறார். கணக்குக் கேட்க அது போதும்.

நாலாவது பதில்தான் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடிக்கும். அதனால்தான் அதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். அது சத்யேந்திரநாத் போஸ் கதை.

1924. டாக்கா பல்கலைக்கழகத்தில் முப்பது வயது ஆசிரியர் போஸ். டாக்டர் பட்டம் கிடையாது. ஒளித்துகள்களை எப்படி எண்ண வேண்டும் என்று ஒரு சிறிய கட்டுரை எழுதி, நேராக ஐன்ஸ்டைனுக்கே அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பிரசுரம் செய்யவைத்தார். அதோடு நிற்காமல் அந்தக் கணக்கை அணுக்களுக்கும் நீட்டிப் பார்த்தார். போதுமான அளவு குளிர்ந்தால் அணுக்கள் எல்லாம் ஒரே அலையாகச் சேர்ந்துவிடும் என்று காகிதத்தில் வந்தது. காகிதத்தில் மட்டும்தான். அத்தனை குளிரை உண்டாக்க உலகத்தில் யாருக்கும் வழி தெரியாது.

போஸ் 1974-ல் காலமானார். அவர் பெயரைச் சுமக்கும் அந்தப் 'போஸ்-ஐன்ஸ்டைன்' நிலையை எரிக் கார்னெல், கார்ல் வீமன் இருவரும் அமெரிக்காவில் ருபீடியத்தில் உண்டாக்கியது 1995-ல். அதே வருடம் வொல்ஃப்காங் கெட்டர்லி சோடியத்தில் செய்தார். 2001-ல் மூவருக்கும் நோபல் பரிசு. விதைத்ததற்கும் முளைத்ததற்கும் நடுவே 71 வருடம்!

'பாத்தீங்களா பெரியப்பா, இன்னிக்குப் பிரயோஜனம் தெரியாதது நாளைக்குத் தெரியும்' என்று பையன் சொல்லலாம். அணுக் கடிகாரத்தையும் துணைக்கு அழைக்கலாம். 1955-ல் லண்டன் பக்கத்தில் லூயி எஸ்ஸென் முதல் சீஸியம் கடிகாரத்தை ஓடவிட்டபோது, ஒருநாள் நாகலாபுரத்துக்கு வழி கேட்கிற கார் டிரைவருக்கு அந்த மாதிரிக் கடிகாரம் வானத்திலிருந்து பதில் சொல்லும் என்று நினைத்திருக்க மாட்டார். நம் 'நாவிக்' வரிசையில் 2013-ல் போன முதல் செயற்கைக்கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகிப் போய்த் திண்டாடினோம். 2023 மே 29-ல் போன செயற்கைக்கோளில் இஸ்ரோவே செய்த ருபீடியம் கடிகாரம் ஏறியது. இதெல்லாம் நிஜம். பெருமைப்படலாம்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. முளைத்த விதையைத்தான் நாம் கதையாகச் சொல்கிறோம். அதே 1924-ல் எழுதப்பட்டு, யாருக்கும் எதற்கும் ஆகாமல் அலமாரியில் மக்கிப்போன கட்டுரைகள் எத்தனையோ. அவற்றுக்குக் கதை கிடையாது. லாட்டரியில் ஜெயித்தவரைக் காட்டி எல்லோரையும் சீட்டு வாங்கச் சொல்வது வியாபாரம். நியாயம் ஆகாது.

அப்படியானால் பதிலே இல்லையா? இருக்கிறது என்று நினைக்கிறேன். அது பெரியப்பாவின் காட்டிலேயே இருக்கிறது.

கரிசலில் புழுதி விதைப்பு என்று ஒன்று உண்டு. மழை பெய்த பிறகு இந்த மண்ணில் ஏர் இறங்காது, சகதி பிடித்துக்கொள்ளும். அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். குருவி தின்னும், எறும்பு இழுக்கும். ஒரு தூறல் போட்டு முளைக்கவைத்து, அப்புறம் மழை வராமல் கருகவும் செய்யும். மறுபடி விதைக்க வேண்டும். தெரிந்தேதான் செய்கிறார்கள். விதைக்கிறவர் 'நிச்சயம் விளையும்' என்று யாரிடமும் சத்தியம் செய்வதில்லை. 'விளையாமலும் போகலாம், அதனால் விதைக்கவே வேண்டாம்' என்றும் இருப்பதில்லை.

அடிப்படை ஆராய்ச்சி அச்சாக இதுதான். புழுதி விதைப்பு. இந்த ஒரு விஷயத்தைப் பெரியப்பாவுக்குப் பையன் விளக்கவே வேண்டியதில்லை. அவர்தான் இவனுக்கு விளக்க வேண்டும்.

ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது. என் கேள்வி முழுக்க அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. பெரியப்பா புழுதியில் போடுவது சொந்த விதை. பொய்த்தால் அவர் வீட்டுக் குதிர்தான் காலி. பையன் போடுவது அடுத்தவர் வீட்டு விதை. பெரியப்பா வீட்டு விதையும் அதில் இருக்கிறது.

சொந்த விதையைப் புழுதியில் போடுகிறவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் விதையைப் போடுகிறவர் சொல்லியாக வேண்டும். விளைச்சலுக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று சொல்லவில்லை. அது அவன் கையில் இல்லை. எங்கே போட்டேன், எவ்வளவு போட்டேன், முளைக்க என்ன வாய்ப்பு, முளைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கை மறைக்காமல் சொல்வது அவன் கையில்தான் இருக்கிறது.

கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'கே' என்ற எழுத்தோடு வரும் பருத்தி, சோள ரகங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அந்த 'கே' கோவில்பட்டிதான். அதுவும் ஊர்ப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிதான். ஆனால் அங்கே ஒரு சௌகரியம். சந்தேகம் இருந்தால் விவசாயி நடந்துபோய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பயிரைப் பார்த்துக்கொள்ளலாம். குளிர்ந்த அணுக்களை வேலியோரம் நின்று பார்க்க முடியாது. எங்கே எட்டிப் பார்க்க முடியாதோ, அங்கே உள்ளே இருப்பவரின் வாய்ச்சொல்தான் வேலி, ஜன்னல் எல்லாம். அது சுத்தமாக இருக்க வேண்டும்.

'இப்படி உண்மை பேசினால் எந்த அரசாங்கமும் காசு தராது, ஆராய்ச்சி படுத்துவிடும்' என்று சிலர் சொல்வார்கள். சும்மா தள்ளிவிடக் கூடிய வாதம் இல்லை. கூட்டிச் சொல்கிறவனுக்குப் பணம் போய், உள்ளதைச் சொல்கிறவன் வேலையிழப்பது நடக்கக்கூடியதே.

ஆனால் அந்தப் பையன் செய்கிற கருவி என்ன கருவி என்று பாருங்கள். தராசு. தராசுக்கு மரியாதை எதனால்? 'இவ்வளவு, இதில் முன்னே பின்னே இவ்வளவு இருக்கலாம்' என்று அது கூச்சமில்லாமல் சொல்வதால். 2009-ல் வந்த அந்தக் கணக்கில் தண்ணீர் வருடத்துக்கு 17.7 கன கிலோமீட்டர் குறைகிறது என்று எழுதியவர்கள், பக்கத்திலேயே, 4.5 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் எழுதினார்கள். கால் பங்கு சந்தேகம்! அதை மறைக்கவில்லை. மறைக்காததால்தான் மிச்ச முக்கால் பங்கை நம்ப முடிகிறது. கருவியின் சந்தேகத்தைத் தசம ஸ்தானம் வரை எழுதுகிற ஒருவர், கருவியின் பலனைப் பற்றிப் பேசும்போது மட்டும் சந்தேகமே இல்லாதவர் மாதிரிப் பேசினால், அது கள்ளத் தராசு. நாளைக்கு அதே ஆள் 'தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்று உண்மையாகவே எச்சரித்தால் யார் நம்புவார்கள்? 'போன தடவையும் இப்படித்தான் ஏதோ சொன்னான்' என்று போய்விடுவோம்.

இன்னொன்றும் அவன் சொல்ல வேண்டும். கருவி ஜெயித்தாலும் பலன் தானாக நாகலாபுரத்துக்கு வந்துவிடாது. தண்ணீர் தீர்வதை 2009-ல் வானம் சொல்லியும் வடக்கே மோட்டார்கள் நின்றுவிடவில்லை. தராசு எடையைச் சொல்லும். எடுப்பதை நிறுத்து என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அது மனிதர்கள் பார்க்க வேண்டிய வேலை. அதே நுட்பம் வழிகாட்டும் செயற்கைக்கோள் துணையில்லாமல் நீர்மூழ்கிக் கப்பலுக்கு வழி சொல்லவும் உதவலாம். ராணுவங்கள் இதில் ஆர்வம் காட்டுவது சும்மா இல்லை. பிரயோஜனம் என்று கேட்டால் அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆக, டீக்கடையில் சொல்லக்கூடிய நேர்மையான பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பெரியப்பா, ஒங்க காட்டுக்கு இதனால நேரா ஒண்ணும் வராது. பெரிய பெரிய பரப்புல தண்ணி எவ்வளவு போகுதுன்னு இப்பவே ஓரளவு தெரியுது. இது வந்தா இன்னும் நல்லாத் தெரியலாம். வரவும் செய்யலாம், வராமலும் போகலாம். வர்றதுக்குள்ள நீங்களும் நானும் இருப்பமான்னு தெரியல. இது புழுதியில போட்ட விதை. ஆனா ஒங்க விதை. அதனால வருஷா வருஷம் கேளுங்க, சொல்லுதேன்."

சுவாரஸ்யமான பதில் இல்லை. கைதட்டல் வாங்காது. ஆனாலும் இதைச் சொன்ன பிறகு அவன் நிம்மதியாகத் தூங்கலாம்.

இதுவரை பையனுக்கு உபதேசம் பண்ணியாயிற்று. கேள்வி கேட்கிற பக்கத்துக்கும் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம்தான் நாம் அதிகம் பேர் நிற்கிறோம்.

பிரயோஜனம் கேட்கிற உரிமை நமக்கு உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை நாம் எப்போதும் அடுத்தவர் காரியத்தைப் பற்றித்தான் கேட்கிறோம். வாசலில் போடுகிற கோலத்துக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பதில்லை. கிரிக்கெட் பார்த்த ஐந்து மணி நேரத்துக்குக் கேட்பதில்லை. பிரயோஜனம் ஒன்றையே அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு போனால், அந்தக் கோல் கடைசியில் எங்கே வந்து நிற்கும் தெரியுமா? காட்டு வேலை செய்ய உடம்பில் தெம்பில்லாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியப்பாமேல்தான். 'இவரால நமக்கு என்ன பிரயோஜனம்?' என்று எந்த நல்ல வீட்டிலும் கேட்க மாட்டார்கள். சில விஷயங்களுக்கும் சில மனிதர்களுக்கும் மதிப்பு, பயனிலிருந்து வருவதில்லை. உலகம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் அந்த வகையில் சேர்த்திதான் என்பது என் கட்சி. நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். போஸ் அந்தக் கட்டுரையை எழுதியது எந்தப் பிரயோஜனத்துக்காகவும் அல்ல, ஒளித்துகளை எண்ணியதில் ஓரிடத்தில் கணக்கு இடறியதால்தான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படிப் புரியாத வேலை பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அடுத்த லீவுக்கு வரும்போது தைரியமாகக் கேளுங்கள். கல்யாணம் எப்போது என்று கேட்பதற்கு முன்னால் கேட்டால் இன்னும் நல்லது. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று பதில் வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்கள் கூட்டிச் சொல்லக் கற்றுக்கொண்டது, நாம் அப்படிச் சுளித்த முகங்களைப் பார்த்துத்தான்.